கீழறையில் விரித்த இலை

மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து ஒரு கணமேனும் நடிக்காமல் இருபது வயதை எட்டிய ஒரே ஆள் தானே என்று விதுர்சன் ஒரு நவம்பர் மத்தியானம் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் அறிவித்தான். சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. உருளைக்கிழங்குப் பொரியலைச் சோஸில் தோய்த்தபடி, வானிலை அறிக்கை வாசிப்பவனின் முகத்தோடு சொன்னான்.

எதிரே இருந்த ஜெயனி, அவனோடு படிப்பவள், சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"போன கிழமை வயித்துக்குத்து எண்டு வகுப்புக்கு வராமல் விட்டது ஆர்?"

"அது பொய். பொய் வேற, நடிப்பு வேற. பொய் சொல்லுறவனுக்குத் தான் பொய் சொல்லுறன் எண்டாவது தெரியும். நடிகனுக்கு அதுவும் தெரியாது. அதுதான் எனக்கு அவங்களில இரக்கம்."

கல்லூரிப் பத்திரிகையில் அவன் எழுதி வந்த பத்தியும் இதே முகத்தோடுதான் இருக்கும். நடிகர்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று கடைசியாக எழுதியிருந்தான். கொடுத்தால் வாக்குச்சாவடிக்கு வந்து நிற்பது அந்த ஆளா, அவர் ஏற்ற பாத்திரமா என்று அரசாங்கத்தால் உறுதிப்படுத்த முடியாது என்பது அவனுடைய வாதம். நாடகத்துறை மாணவர்கள் ஒருவரும் அவனுடன் கதைப்பதில்லை. அதை அவன் ஒரு பட்டம்போல வைத்துக்கொண்டிருந்தான்.

"நல்லது," என்றாள் ஜெயனி. "அப்ப உனக்கு ஒரு வேலை இருக்கு. நடிகரோட."

பாரிஸிலிருந்து வந்த படக்குழு ஒன்றில் ஜெயனி பயிற்சி உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். படம் நடிகர்களின் வாழ்க்கையைக் கிண்டலடிக்கும் பிரெஞ்சு நகைச்சுவை. மவுசு குறைந்த ஒரு நட்சத்திரம் எப்படியாவது விருது வாங்கவேண்டும் என்று, வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தமிழ்ப் பையனாக நடிக்க முடிவெடுக்கிறது. பாத்திரத்தைப் படிக்கிறேன் என்று மொன்றியலில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் போய்க் குந்திக்கொண்டு அவர்களின் உயிரை வாங்குகிறது. இதுதான் கதை. அதற்கு உண்மையான ஒரு தமிழ் வீடு வேண்டும். கையால் சோறு குழைத்துச் சாப்பிட அந்த நடிகருக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

விதுர்சனின் அப்பா இரவிச்சந்திரன், ஜெயனி கேட்டு முடிக்க முதலே கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டுக்குள் நாலு பேர் வந்துபோகட்டும் என்று மட்டும் சொன்னார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மொன்றியலின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸில் இருந்த அந்த வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். மூத்தவன் கஜீவன் இரவு வேலைக்குப் போய்வந்து பகலில் கீழறையில் படுப்பவன். அவன் நித்திரை குழம்பக்கூடாதென்று வீடு மெல்லக் கதைக்கப் பழகியது. மூன்று வருடத்துக்கு முன், வேலை முடிந்து வந்த ஒரு விடிகாலையில், நெடுஞ்சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் அவனுடைய கார் வழுக்கியது. அதன் பிறகும் வீடு குரலை உயர்த்தவில்லை. தண்ணீர் கொதித்துக் கேத்தல் கூவ முதல் அம்மா ஓடிப்போய் இறக்குவாள். கதவை ஒருவரும் அடித்துச் சாத்துவதில்லை. வாசல் விளக்கு விடியும்வரை எரியும். அம்மா மேசையில் நாலு கோப்பை வைத்து, பிறகு ஒன்றை எடுத்துவிடுவாள். அதைப்பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

நடிகரின் பெயர் எத்தியேன். ஐம்பதைத் தாண்டியவர். முதல் நாளே கண்ணாடிக்கு முன்னால் நின்று சோறு குழைத்துப் பழகினார். சோற்றின் நடுவில் குழி தோண்டிக் குழம்பை விடுவது, நுனிவிரல்களால் உருட்டுவது, பெருவிரலால் தள்ளுவது, முடிந்ததும் இலையைத் தன் பக்கமாக மடிப்பது, எல்லாவற்றையும் விதுர்சன்தான் காட்டிக் கொடுத்தான். காட்டும்போது தன் கை அண்ணையின் கைபோலவே போவதை அவன் கவனித்தான். சின்ன வயதில் அவனுக்குச் சாப்பிடப் பழக்கியதே கஜீவன்தான். கவனித்ததை அந்த இடத்திலேயே விட்டுவிட்டான்.

உடைகளுக்குப் பொறுப்பான பெண், பாவித்த குளிர்கோட் ஒன்று இருக்குமா என்று கேட்டபோது, கஜீவனின் நீலக் கோட்டை எடுத்துக் கொடுத்ததும் அவனே.

"உன்ர அம்மாட்டக் கேட்டனியா?" என்றாள் ஜெயனி.

"கோட் எண்டால் கோட்தான். அதுக்குள்ள ஆள் இல்லை."

எத்தியேன் அதைப் போட்டதோடு சரி, பிறகு கழற்றவேயில்லை. கமரா ஓடாத நேரத்திலும் கோட்டோடு இருந்தார், கோட்டோடு தேத்தண்ணி குடித்தார். "பாத்திரத்தை விட்டு வெளியே வரப் பயமாக இருக்கிறது," என்று விளக்கம் வேறு சொன்னார். விதுர்சனுக்கு வாழ்நாள் முழுவதும் எழுதப் போதுமான சரக்குக் கிடைத்தது. "நடிகனாக நடிக்கிற நடிகன். நாளைக்கு இவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆருக்குக் குளிசை குடுக்கிறது?" என்று ஜெயனியிடம் கேட்டான்.

ஆனால் முதற்காட்சி எடுத்தபோது ஒன்று நடந்தது. காட்சியில் எத்தியேன் வெளிக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரவேண்டும், சப்பாத்துப் பனியைத் தட்டவேண்டும், "அம்மா" என்று கூப்பிடவேண்டும். அவ்வளவுதான். கதவு திறந்தது. நீலக் கோட் உள்ளே வந்தது. குசினி வாசலில் ஒதுங்கி நின்ற அம்மா ஜெகதீஸ்வரி, கையிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். இயக்குநருக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை. இன்னொரு தரம் என்றார். பிறகு சத்தம் சரியில்லை. பிறகு கதவு சரியில்லை. அந்தப் பிற்பகல் முழுக்கக் கதவு திறந்து திறந்து கோட் வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொரு தரமும் அம்மா திரும்பினாள். பத்துத்தரம் ஏமாந்த பிறகாவது திரும்பாமல் விடலாம். அவள் விடவில்லை. விதுர்சன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று அவன் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அம்மா கோயில் கலண்டரை மேசையில் விரித்தாள்.

"இஞ்சாருங்கோ. திதி நாளைக்கு."

இரவிச்சந்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அடுத்த கிழமையெல்லே?"

"நீங்கள் இங்கிலீசுத் திகதியைப் பார்த்துக் கையெழுத்து வைச்சிருக்கிறியள். திதி முந்தி வந்திட்டுது."

அவர் கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனின் திவசத்தன்று வீட்டை நகைச்சுவைப் படத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்பது மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஏறியது.

"அவையளிட்டச் சொல்லி நிப்பாட்டட்டோ?"

"வேண்டாம். அதுகள் மேல நடிக்கட்டும். நான் கீழ படைக்கிறன்."

படைப்பது எப்படியென்றால், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, அவருடைய படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, வாழையிலையில் பரிமாறிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிடவேண்டும். வந்து சாப்பிட அவருக்கு நேரம் கொடுக்கவேண்டும். பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்கவேண்டும், திடுக்கிட்டுப்போகாமல் இருக்க. காகத்துக்கு வைக்கும் பங்கைப் பியர்பொன்ட்ஸில் அணில்தான் தின்றது. பிதிர்களும் குடிபெயர்ந்து வேறு உருவம் எடுத்திருக்கக்கூடும் என்று விதுர்சன் முன்பொருதரம் எழுதியிருக்கிறான். ஆனால் கதவைத் திறந்ததும் அம்மா செய்யும் ஒன்றை அவன் எழுதியதில்லை. அவள் இலைக்குக் கிட்டக் குனிந்து, சோற்றில் ஒரு விரல் தடமாவது இருக்கிறதா என்று பார்ப்பாள். ஒவ்வொரு வருடமும் சோறு வைத்தபடியே இருக்கும். அவள் நிமிர்ந்து, "சரி, எடுத்து வையுங்கோ," என்பாள்.

மறுநாள் மத்தியானம் அவள் கீழறையில் இலை விரித்தாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், பொரித்த மோர்மிளகாய், வடை, ஒரு கிண்ணம் பாயாசம். பக்கத்தில் கஜீவனுக்குப் பிடித்த ஜிஞ்சர் ஏல் சோடா ரின் ஒன்று. விளக்கேற்றினாள். கதவைச் சாத்திவிட்டு மேலே படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் இருந்தாள். அப்பாவும் பக்கத்தில் போய் இருந்தார். கூடத்தில் படக்குழு அந்தக் கதவுக் காட்சியை இன்னொருதரம் எடுக்க விளக்குகளை நகர்த்திக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜெயனி விதுர்சனைத் தேடி வந்தாள். "எத்தியேனைக் கண்டனியா? எல்லாம் ரெடி. ஆளைக் காணேல்லை."

விதுர்சன் கராஜில் பார்த்தான். படக்குழு வந்த வானுக்குள் எட்டிப் பார்த்தான். குளியலறைக் கதவைத் தட்டிப் பார்த்தான். கடைசியில் கீழே இறங்கினான். கஜீவனின் அறைக்கதவு சாத்தித்தான் இருந்தது. உள்ளே விரலால் இலையை வழிக்கும் சத்தம் கேட்டது.

அவன் கதவைத் தள்ளினான்.

விளக்குக்கு முன்னால் நீலக் கோட் குனிந்திருந்தது. இடது கை முழங்காலில் ஊன்றியிருந்தது. வலது கை இலைக்கும் வாய்க்குமாகப் போய்வந்தது. தோள் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அண்ணை சாய்கிறமாதிரியே. விதுர்சன் கதவைப் பிடித்தபடி நின்றான். கூப்பிட்டால் திரும்பிவிடும் என்று பயமாக இருந்தது. திரும்பாமல் விட்டுவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது. அப்போதுதான் கோட்டுக்குக் கீழே இடுப்பில் ஒலிவாங்கியின் சின்னப் பெட்டியையும் அதில் மினுங்கிய பச்சைப் புள்ளியையும் கண்டான்.

எத்தியேன் திரும்பினார். வாயில் சோறு இருந்தது.

"உங்கள் குடும்பம் அற்புதமானது," என்றார் பிரெஞ்சில். "எனக்கென்று விளக்கேற்றி, இலை போட்டு. அந்தப் படத்தைப் பார்த்தீர்களா? என் பாத்திரத்துக்கு ஒரு முன்கதையே செய்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பையன் இதே கோட்டைப் போட்டிருக்கிறான். நான் அழுதே விட்டேன்."

"அது என்னுடைய அண்ணா."

"அவரும் நடிக்கிறாரா?"

"இல்லை. செத்துவிட்டார். இது அவருக்கு வைத்த சாப்பாடு."

எத்தியேன் மெல்வதை நிறுத்தினார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இந்தச் சில நாளில் அவர் முகம் போட்ட கோலங்கள் எல்லாவற்றையும் விதுர்சன் பார்த்திருந்தான். இது அவற்றில் ஒன்றில்லை. உதட்டில் சோற்றுப் பருக்கையோடு ஒரு வயதான மனிதர் தரையில் இருந்தார். ஒருவழியாக விழுங்கினார்.

"நான் போய் அம்மாவிடம் சொல்கிறேன்."

"என்னவென்று?"

"உண்மையை."

விதுர்சன் கதவை மறித்து நின்றான். பிறகு தன் வாயிலிருந்து வந்ததை வேறு யாரோ சொல்வதுபோலக் கேட்டான். "நீங்கள் இந்த அறைக்குள் வரவேயில்லை. புகை பிடிக்க வெளியே போயிருந்தீர்கள். முகத்தைக் கழுவிவிட்டுப் பின்படியால் ஏறுங்கள்."

"எனக்கு அவ்வளவு நன்றாக நடிக்க வராது," என்றார் எத்தியேன் தணிந்த குரலில். "படமே அதைப்பற்றியதுதானே."

போகமுன் என்ன நினைத்தாரோ, குனிந்து இலையை மடித்தார். பழக்கிக் கொடுத்தபடியே தன் பக்கமாக மடித்தார்.

அம்மா அப்பாவோடு இறங்கி வந்தபோது விதுர்சன் படிக்கட்டின் அடியில் நின்றான். அவள் கதவைத் தட்டினாள், வழக்கம்போல, உள்ளே ஆள் இருக்கிறமாதிரி. திறந்தாள். குனியத் தேவையிருக்கவில்லை. மடித்த இலை, வெறும் கிண்ணம், உடைத்த ரின்.

அவள் அழுது குளறவில்லை. பக்கத்தில் முழங்காலில் இருந்து இலையைத் திறந்து பார்த்தாள்.

"பசியோட வந்திருக்கிறான்," என்றாள்.

அவள் விரலால் இலையின் ஓரத்தைத் தேடினாள். "மோர்மிளகாயையும் திண்டிருக்கிறான். முந்தித் தொடவும் மாட்டான்."

அப்பா விதுர்சனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது, பதில் சொல்லாதே என்ற கட்டளையும் இருந்தது. பிறகு சொன்னார். "போன இடத்தில பழகியிருப்பான்."

மேலே யாரோ அமைதி கேட்டார்கள். வீடு முழுக்க ஓய்ந்தது. வெளிக்கதவு திறக்கும் சத்தமும் சப்பாத்துப் பனியைத் தட்டும் சத்தமும் கேட்டன. மூன்று பேரும் கூரையைப் பார்த்தபடி நின்றார்கள். "அம்மா," என்று ஒரு குரல் கூப்பிட்டது. இந்தத் தரம் ஜெகதீஸ்வரி திரும்பவில்லை. வந்தவனை அவள் ஏற்கெனவே சாப்பிட வைத்து அனுப்பிவிட்டாள்.

படக்குழு போய் இரண்டு கிழமையில் வீட்டின் ஒலி மாறியது. கேத்தல் கூவி முடித்த பிறகுதான் அம்மா இறக்கினாள். வாசல் விளக்கைப் படுக்கப்போகும்போது அணைத்தாள். மேசையில் மூன்று கோப்பை வந்தது. தொலைபேசியில் தன் தங்கச்சியோடு சத்தமாகச் சிரித்துக் கதைத்தாள். அப்பா செய்தி பார்க்கும்போது தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். விதுர்சனுக்கு நித்திரை போய்விட்டது. இரவில் கண்ணை மூடினால் கோட்டின் முதுகு வந்தது. அது திரும்புவதற்கு முதல் அவன் விழித்துவிடுவான். எத்தியேனின் முகம்தான் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் பார்க்க விருப்பமில்லை.

ஒருநாள் அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "வாற அமாவாசைக்கும் படைப்பம். அங்க ஒழுங்கான சாப்பாடில்லைப் போல. வழிச்சுத் துடைச்சுத் திண்டிருக்கிறான் பிள்ளை."

விதுர்சன் ஜெயனியிடம் எல்லாவற்றையும் சொன்னான். மெட்ரோ வாசலில், குளிரில் நின்றபடி.

"சொல்லத்தான் போறன். இலை வைச்சபடி கிடந்தால் அம்மா இன்னும் மோசமாயிடுவா. அதுக்கு முதல் உண்மையைச் சொல்லவேணும். நான் நடிக்கிற ஆள் இல்லை."

"சொல்லு. ஆர் வேண்டாமெண்டது?" ஜெயனி கையுறையை இழுத்துவிட்டாள். "ஆனால் சொல்லேக்க அவவின்ர முகத்தைப் பார்த்துச் சொல்லு. உன்ர பேப்பரில எழுதிற மாதிரி எங்கயோ பார்த்துக்கொண்டு சொல்லாதை."

"பேந்து?"

"பேந்து என்ன. உண்மை சொன்ன சந்தோசத்தில நீ நித்திரை கொள்ளு. அவ முழிச்சிருப்பா."

"நீ ஆரின்ர பக்கம்?"

"எனக்கு நடிக்கிற ஆக்களோட வேலை செய்து பழகியிட்டுது," என்றுவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

அவன் சொல்ல முயன்றான். ஒருதரம் அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது கிட்டப் போய் நின்றான். அவள் நிமிர்ந்து, "என்னடா, பசிக்குதோ?" என்றாள். முகத்தைப் பார்த்தான். "இல்லை" என்றான். இன்னொருதரம் வாய்க்குள் வசனத்தைச் சரிபார்த்துக்கொண்டு போனான். அப்படிச் சரிபார்ப்பதற்கு நடிகர்கள் ஒத்திகை என்று பெயர் வைத்திருப்பது பாதி வழியில் ஞாபகம் வர, திரும்பி வந்துவிட்டான்.

அமாவாசை கல்லூரி விடுமுறைக்குள் வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா காலையிலிருந்து சமைத்தாள், பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு. இந்தமுறை மோர்மிளகாயைக் கூடுதலாகப் பொரித்தாள். கீழறையில் இலை விரித்து, பரிமாறி, விளக்கேற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மேலே வந்தாள். கட்டிலில் போய் இருந்தாள். அப்பா கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். போகும்போது விதுர்சனைப் பார்க்காமல் போனார்.

விதுர்சன் கூடத்தில் நின்றான். இப்போது போய்ச் சொல்லலாம். பத்து அடி தூரம்கூட இல்லை, கதவு திறந்துதான் கிடந்தது. அம்மாவின் கால்விரல்கள் தெரிந்தன. அவை தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

அவன் சப்பாத்தில்லாமல் கீழே இறங்கினான். அறைக்குள் போய்க் கதவை உள்ளிருந்து சாத்தினான். அண்ணையின் படத்தைப் பார்க்காமல் இலைக்கு முன்னால் சம்மணம் கட்டினான். இடது கையை முழங்காலில் ஊன்றினான். சோற்றின் நடுவில் குழி தோண்டிக் குழம்பை விட்டான். மோர்மிளகாய்க்கு வந்தபோது கை நின்றது. அண்ணை தொடமாட்டான். ஆனால் போனமுறை வந்த அண்ணை தொட்டிருந்தான். போனமுறை வந்தவன் செய்ததைத்தான் இந்தமுறை வருபவனும் செய்யவேண்டும். அவன் மிளகாயைக் கடித்தான்.

படிக்கட்டு முனகியது. இறங்கி வரும் காலடி அறை வாசலில் நின்றது. இவ்வளவு விரைவில் அவள் வந்ததேயில்லை. விதுர்சன் வாயில் சோற்றோடு அசையாமல் இருந்தான். தட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தான். தட்டவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், கடைசிப் படியில், யாரோ மெல்லக் குந்தும் சத்தம் கேட்டது.

"ஆறுதலாச் சாப்பிடு, அப்பன்," என்றாள் அம்மா.

இரண்டு பிள்ளைகளையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். உள்ளேயிருந்து பதில் வரக்கூடாது. வரவில்லை. விதுர்சன் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, தூர இடத்திலிருந்து வந்த ஒருவன் சாப்பிடுவதுபோல, அவசரப்படாமல், அடுத்த கவளத்தை உருட்டினான்.